முதலில் எடை மேடை, பிறகு டிரெய்லர்: பிக்கப்பில் மாட்டி இழுக்கும் கேரவனைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலுக்கு வெளியே, ஜல்லி லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எடை மேடை ஒன்றில் என் அத்தானின் பிக்கப்பை ஏற்றினோம். உள்ளே அத்தான், அக்கா, இரண்டு பிள்ளைகள், முன் இருக்கையில் அம்மா. பின்தொட்டியில் பயணத்துக்கு வழக்கமாக எடுத்துப்போகும் சாமான்கள் அத்தனையும். எடை போடுகிறவர் சன்னல் வழியே தலையை நீட்டி, "ஆட்கள் இறங்க வேண்டும்" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி, ஆட்களோடுதான் வேண்டும்" என்றேன். குடும்பத்தை எடை போட வந்தவர்களை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

சீட்டில் வந்தது 2,520 கிலோ. பதிவுச் சான்றிதழில் அந்த வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 2,800. ஆக மிச்சம் 280 கிலோ. அத்தானின் கைப்பேசியில் அப்போது இருபதடி நீள டிரெய்லர் ஒன்றின் படம் இருந்தது. இரட்டைக் கட்டில், குளியலறை, குளிர்சாதனம் எல்லாம் உண்டு. அந்த 280 என்ற எண் அவருக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும், ஓய்வு பெற்றவர்களும், பிக்கப் வைத்திருக்கும் இளைஞர்களும் இப்போது இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நான் சொல்வது எஞ்சின் கிடையாத, பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் கேரவன். எஞ்சினோடு சேர்ந்த கேரவன் வேறு கதை. பெரும்பாலோர் முதலில் டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "இதை என் வண்டி இழுக்குமா?" என்று கேட்கிறார்கள். இன்றைய டர்போ டீசல் பிக்கப் எதையும் இழுத்துவிடும். இழுத்ததை நிறுத்த முடியுமா, காற்றில் நேராக வைத்திருக்க முடியுமா, பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களின் அச்சு, தாங்குமா என்பவைதான் கேட்க வேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் டிரெய்லர் பின்னால்தான் வரும்.

எந்த எண்ணை நம்புவது

இங்கே விற்கும் ஐசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் உறவுக்கார மாடல்கள் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்றவை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்த எண்தான். அத்தானும் அதைத்தான் காட்டினார். அது அந்த நாட்டில் விற்கும் மாடலுக்கு, அங்கே அந்த நிறுவனம் பொருத்தித் தரும் இழுவைக் கொக்கிக்கு, அங்கே அனுமதித்த மொத்த எடைக்கு, தனி பிரேக் உள்ள டிரெய்லருக்குத் தரப்பட்ட எண். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஸ்பிரிங், மொத்த எடை, குளிரூட்டும் அமைப்பு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்களுக்கு வேண்டியவை நான்கு எண்கள். வண்டியும் ஆட்களும் சாமானும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை. பின் ஆக்சில் மட்டும் தாங்கும் எடை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய கூட்டு எடை. பிரேக் உள்ள டிரெய்லர் எவ்வளவு, பிரேக் இல்லாதது எவ்வளவு என்ற இழுவை வரம்பு. முதலிரண்டும் பதிவுச் சான்றிதழிலோ கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ கிடைக்கும். கடைசி இரண்டும் கையேட்டில் இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். விற்பனையாளர் காபி கொடுத்துக்கொண்டே வாயால் சொல்லும் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எழுத்தில் பதில் வரவில்லையென்றால், இழுக்க அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிக்கும் தனி வரம்பு உண்டு. எவ்வளவு இழுக்கலாம், எவ்வளவு பாரம் மேலே அமரலாம் என்று அதன் தகட்டில் பொறித்திருக்கும். பட்டறையில் கோணச் சட்டத்தை வெல்டு வைத்து, தகடும் எண்ணும் இல்லாமல் தரும் கொக்கி மீன்பெட்டி வண்டியை மணக்குடிவரை இழுக்கலாம். குடும்பம் உறங்கும் வீட்டை அதில் மாட்டாதீர்கள்.

எடை மேடையில்

டீசல் டேங்க் நிறைய, எல்லாரும் உள்ளே, எல்லாச் சாமானும் ஏற்றி, கொக்கியும் பொருத்தி எடை போடுங்கள். முதலில் முழு வண்டி. பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு முறை. இரண்டு சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள்.

பின்தொட்டியில் என்ன கிடக்கிறது என்று நேர்மையாகப் பாருங்கள். நம் ஊரில் யாரும் வெறுங்கையோடு உறவினர் வீட்டுக்குப் போவதில்லை. உரித்த தேங்காய் நூறு எடுத்தாலே ஐம்பது, அறுபது கிலோ. அதன்மேல் ஒரு மட்டி வாழைக்குலை, ஒரு சாக்கு மரச்சீனிக்கிழங்கு. எங்கள் எடைச் சீட்டில் இவையும் அடக்கம். "மக்களே, தேங்காயை இறக்கி வைத்துவிட்டு எடை போடலாமே?" என்று அம்மா கேட்டார். பயணத்தன்று இறக்கி வைப்பதாக இருந்தால் இப்போதும் இறக்கலாம். அப்படி நடக்காது என்று அம்மாவுக்கும் தெரியும்.

கணக்கு

அத்தானின் 280 கிலோவை வைத்தே போட்டுப் பார்ப்போம். இழுவை வரம்பு 2,000 கிலோ, கூட்டு எடை வரம்பு 4,500 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும்.

கூட்டு எடையிலிருந்து நிறைந்த பிக்கப்பின் எடையைக் கழித்தால் 1,980. இழுவை வரம்பு 2,000. இரண்டில் சிறியது 1,980. அதிலும் விளிம்புவரை போகக் கூடாது. ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்துவது பழகியவர்கள் கைக்கொள்ளும் அளவு. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 1,580. இது டிரெய்லரின் நிறைந்த எடை. விளம்பரத்தில் போடுவதோ வெற்று எடை.

வெற்று எடைக்கும் நிறைந்த எடைக்கும் நடுவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. வீட்டு உபயோக எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ, உருளையோடு சேர்த்து முப்பது கிலோவுக்குப் பக்கம். இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-ஹவர் பாட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல். கூரையில் குளிர்சாதனம், பக்கத்தில் விரிக்கும் பந்தல், மெத்தை, பாத்திரம், அரிசி, ஐந்து பேர் துணிமணி. முந்நூறு, முந்நூற்றைம்பது கிலோ என்பது அடக்கமான மதிப்பீடு. ஆக அத்தான் தேட வேண்டியது 1,200 கிலோவுக்குப் பக்கத்தில் வெற்று எடை உள்ள டிரெய்லர். இருபதடிக் கனவு அங்கேயே முடிந்தது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய தலைமுறைக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் மாடு கழுத்தைத் தாழ்த்தித் தள்ளாடும். வண்டிக்காரர் ஏர்க்காலில் கையை வைத்துத் தூக்கிப் பார்த்தே மூட்டையை ஒரு சாண் முன்னே நகர்த்தச் சொல்வார். டிரெய்லரிலும் அதே கதைதான். மாட்டின் இடத்தில் பிக்கப்பின் பின் ஆக்சில்.

கொக்கியின் மேல் அமரும் பாரம், அதாவது முன்பாரம், டிரெய்லரின் நிறைந்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஆஸ்திரேலியாவில் பத்து சதவீதத்தை ஒட்டிச் சொல்வார்கள். ஐரோப்பியக் கேரவன்கள் இதைவிடக் குறைவான முன்பாரத்துக்கு வடிவமைத்தவை. உங்கள் டிரெய்லரைச் செய்தவர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள். முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங்கும் பிரேக்கும் தளரும்.

1,580 கிலோவுக்குப் பன்னிரண்டு சதவீதம் என்றால் 190 கிலோ. இது முழுவதும் பிக்கப் சுமக்கும் பாரம். அந்த 280-இலிருந்து கழித்தால் மிச்சம் 90. பின்தொட்டியில் இன்னும் ஒரு சைக்கிளும் ஒரு ஜெனரேட்டரும் ஏற்றினால் தீர்ந்தது. இழுவை வரம்பு தாராளமாக இருந்தும் இந்த இடத்தில்தான் நடுத்தரப் பிக்கப்புகள் சிக்கிக்கொள்கின்றன. பின் ஆக்சில் சீட்டை எடுத்துப் பார்ப்பதும் இப்போதுதான். கொக்கி ஆக்சிலுக்குப் பின்னால் நீண்டிருப்பதால் நெம்புகோல்போல் அழுத்தும். 190 கிலோ வைத்தால் பின் ஆக்சிலில் அதைவிடக் கூடுதலாகவே ஏறும், முன் ஆக்சிலில் கொஞ்சம் இறங்கும்.

முன்பாரத்தை எப்படி அளப்பது? எடை மேடை டன் கணக்குக்கு ஆனது. சிறு எடையைத் துல்லியமாகக் காட்டாது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்றும், நாலடி நீளமுள்ள கெட்டியான தேக்குப் பலகையும், அடுக்கிவைக்கச் செங்கல்லும், இரண்டு குழாய்த் துண்டுகளும் போதும். டிரெய்லர் சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நிறைந்த சாமானோடு நிற்க வேண்டும். பலகையின் ஒரு முனைக்கு அடியில் குழாய், அதன் கீழே செங்கல். மறுமுனைக்கு அடியில் குழாய், அதன் கீழே தராசு. இரண்டு குழாய்களுக்கும் இடையே சரியாக மூன்று அடி. செங்கல் பக்கத்துக் குழாயிலிருந்து ஓரடி தள்ளி டிரெய்லரின் முன்பக்க ஜாக்கை இறக்குங்கள். தராசில் இருந்து அந்த இடம் இரண்டடி. தராசு மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். அது 62 காட்டினால் முன்பாரம் 186 கிலோ. பலகையின் எடையை முதலில் பூஜ்யமாக்கிக்கொள்ள மறக்க வேண்டாம். ஜாக்கை இறக்குவது மெதுவாக. பலகை வழுக்கினால் கால் விரல் போய்விடும்.

டிரெய்லருக்குள் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே பாருங்கள். ஆக்சிலுக்கு மேலே இருந்தால் நல்லது. பின்கோடியில் இருந்தால் தொட்டி நிறையும்போது முன்பாரம் குறையும், காலியாகும்போது கூடும். நாளுக்கு நாள் குணம் மாறும் டிரெய்லரோடு வாழ்வது கடினம்.

நம் காற்றும் நம் சாலையும்

எடையில் தப்பித்தாலும் உருவத்தில் மாட்டிக்கொள்வோம். முப்பந்தலில் காற்றாலைகளை எதற்காக நட்டார்கள் என்று யோசித்தால் போதும். தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பீறிட்டு வரும் காற்று, மலையின் மறைவு விலகும் இடங்களில் திடீரென்று தாக்கும். காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரியை நோக்கித் தெற்கே இறங்கும் நான்குவழிச் சாலையில் அதே மேற்குக் காற்று விலாவில் நேராக அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, பதினாறடி நீளத் தட்டைச் சுவர் நகரத்தான் செய்யும். பக்கத்தில் ஆம்னி பஸ் முந்திச் செல்லும்போது முதலில் தள்ளி, பிறகு இழுக்கும். இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தால் டிரெய்லர் ஆடத் தொடங்கும்.

அதனால் நம் குமரி மாவட்டத்தவருக்கு நான் சொல்வது: பன்னிரண்டு முதல் பதினாறடி நீளம், பிக்கப்பைவிட மிக அகலமாக இல்லாத உடல், கூரை தாழ்ந்த வடிவம். இழுத்துப் போகும்போது கூரையைக் கீழிறக்கி வைக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. காற்றுக்கு முகம் குறையும், டீசலும் மிச்சமாகும். தாழ்ந்த கூரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்ச் சாலைகளில் மாமரக் கிளைகளும் தென்னை ஓலைகளும் வீட்டு மின்கம்பிகளும் எந்த உயரத்தில் தொங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் சாலையில் மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை பிக்கப்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பின்னால் இன்னொரு வண்டி நீளம் தொங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எத்தனை இடத்தில் திரும்ப முடியாது என்று எண்ணினால் நீளத்தைப் பற்றிய ஆசை தானாகக் குறையும். பேச்சிப்பாறைக்கு அப்பால் கோதையாறு, கீரிப்பாறைக்கு அப்பால் காளிகேசம், மாறாமலை ஆகியவற்றுக்குப் போகும் எஸ்டேட் பாதைகளில் டிரெய்லரைக் கொண்டுபோகவே கூடாது. குலசேகரம் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் விட்டுவிட்டுப் பிக்கப்பில் போய் வாருங்கள். சொத்தவிளை, சங்குத்துறை மணலிலும் இறக்காதீர்கள். நான்கு சக்கர இயக்கம் பிக்கப்புக்குத்தான் இருக்கிறது, டிரெய்லருக்கு இல்லை.

ஆடத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை ஓட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். காலால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் லேசாக அழுத்துங்கள்.

பிரேக், கொக்கி, சங்கிலி

ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். நம் ஊரில் விற்பவர் என்ன சொன்னாலும் அந்த அளவுகோலையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகை பிரேக் உண்டு. வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையாலேயே இயங்கும் ஓவர்ரன் பிரேக் எளிமையானது, பழுதும் குறைவு. ஓட்டுநர் அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டி வைக்கும் மின் பிரேக்கை வாலாட்டத்தின்போது தனியாகப் போட முடியும். ஆயிரம் கிலோவுக்கு மேல் போனால் நான் மின் பிரேக்கையே எடுப்பேன். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் கம்பியும் இருக்க வேண்டும்.

கொக்கியின் உருண்டையில் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய அளவு 50 மில்லிமீட்டர். அமெரிக்க இரண்டு அங்குலம் 50.8. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இறக்குமதி டிரெய்லரும் உள்ளூர்க் கொக்கியும் சேரும்போது இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணை வாசித்து ஒத்துப்பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கொக்கிக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க வேண்டும். கழன்றாலும் முன்முனை தார்ச்சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குத் தொட்டிலில் விழும்.

ஆவணம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லருக்கும் மற்ற வாகனங்களைப் போலவே பதிவு உண்டு. இழுக்கும் வண்டியின் பதிவு எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். விற்பனைச் சான்று படிவம் 21, சாலைத் தகுதிச் சான்று படிவம் 22, பட்டறையில் கட்டிய உடலானால் 22-ஏ. இவை கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே, நாகர்கோவில் என்றால் டி.என். 74, மார்த்தாண்டம் என்றால் டி.என். 75 அலுவலகத்தில் நேரில் போய், இந்த டிரெய்லரை இந்தப் பிக்கப்போடு பதிவு செய்ய என்ன கேட்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதித்த எடையை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனத்திடம் டிரெய்லரைப் பற்றி எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

வாங்கும் நாளில்

பழையதானால் கீழே படுத்துப் பாருங்கள். கடற்கரை ஊரில் நின்ற டிரெய்லருக்கு மேலே பெயின்ட் பளபளக்கும், அடிச்சட்டம் அப்பளமாகியிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் ஓசையிலேயே தெரியும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1819 என்றால் 2019-இன் பதினெட்டாவது வாரம். கூடுதலாக நின்று குறைவாக ஓடும் டிரெய்லரில் டயரின் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடு தட்டிவிடும்.

நமக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். அதனால் மூலைகளில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டுப்பலகை ஊறியிருந்தால் ரொட்டிபோல் அமுங்கும். முடிந்தால் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். உள்ளே அலமாரியைத் திறந்ததும் வரும் வாசனையை விற்பவரால் துடைக்க முடியாது.

முதல் ஓட்டம்

அத்தான் கடைசியில் வாங்கியது பதின்மூன்றடி டிரெய்லர், வெற்று எடை 1,130 கிலோ. வீட்டுக்குக் கொண்டுவருமுன் அதே எடை மேடைக்குப் போனோம். அண்ணாச்சிக்கு எங்களை நினைவிருந்தது. "இன்றைக்கு வீட்டையும் கொண்டுவந்துவிட்டீர்களா?" என்றார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது முதலில் ஓட்டுங்கள். அதற்கும் முன்னால் ஒரு காலி மைதானத்தில் பின்னோக்கி எடுக்கப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால், கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்பகுதி போகும். அத்தானுக்கு இது பிடிபட இரண்டு காலைகள் ஆயின. அக்காவுக்கு அரை மணி நேரம். வேகம் எண்பதைத் தாண்ட வேண்டாம். பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, நான்கு வேலைகள்: சக்கர நட்டுகளைத் திரும்ப முறுக்குவது, கொக்கிப் பூட்டை அசைத்துப் பார்ப்பது, சங்கிலி தரையில் உரசியிருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியாகச் சக்கரத்தின் நடுமூடிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவது. இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. எங்களுக்கு இடது சக்கரம் சுட்டது. பிரேக் கம்பியை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, சக்கரம் ஆறும்வரை அங்கேயே சாலையோரம் நிறுத்தி, டிரெய்லரின் அடுப்பில் முதல் தேநீர் போட்டோம்.